18.5 என்ற கோடு பெரியவர்களுக்கானது

பள்ளிப் பிள்ளைகளிடம் எடைக்குறைவு ஒழிந்து உடற்பருமன்தான் மிச்சம் என்று ஒரு கட்டுரை முடிக்கிறது; அந்த முடிவு இந்தியாவுக்குப் பொருந்தாது. 5–19 வயதினரில் எடைக்குறைவு 2000-இல் கிட்டத்தட்ட 13%, இப்போது 9.2%, உடற்பருமன் 3%-இலிருந்து 9.4% என 2025-இல் யூனிசெஃப் சொன்னது உலகச் சராசரி. தெற்காசியா அதில் விதிவிலக்கு என்று அந்த அறிக்கையே சொல்கிறது. 2016–18 தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் 10–19 வயதினரில் 24% பேர் மெலிந்தவர்கள், 5% பேர்தான் அதிக எடை.

பிள்ளைகளுக்கும் 18.5-க்குக் கீழே பிஎம்ஐ (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) இருந்தால் எடைக்குறைவு என்று அந்தக் கட்டுரையில் எழுதியிருப்பது பெரிய பிழை. உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அட்டவணைப்படி 10 வயதுப் பையனின் நடுமதிப்பே 16.4தான்! 13.7-க்குக் கீழே போனால் மெலிவு, 18.5-ஐத் தாண்டினால் அதிக எடை, 21.4-ஐத் தாண்டினால் உடற்பருமன். பெண் பிள்ளைகளுக்குத் தனி அட்டவணை. வயதை ஆண்டாக அல்ல, மாதமாகக் கணக்கிட வேண்டும்.

பள்ளிகளில் அதிகம் தவறுவது உயரம்தான். 132 செ.மீ., 32 கிலோ உள்ள 10 வயதுப் பையனுக்கு பிஎம்ஐ 18.4, அதாவது இயல்பு. முதுகு வளைந்து நின்றதால் 130 என்று குறித்தால் 18.9, பையன் அதிக எடைப் பட்டியலில். செருப்போடு அளந்தால் தவறு மறுபக்கம் போகும். உச்சிக் கொண்டையை அவிழ்த்து, குதிகால் சுவரைத் தொட, பார்வை நேராக இருக்க வைத்து இரண்டு முறை அளக்கணும்.

இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 அட்டவணையின் எல்லைகள் வேறு. பழைய ஆய்வு ஓர் அட்டவணையிலும் புதிய ஆய்வு இன்னோர் அட்டவணையிலும் கணக்கிடப்பட்டிருந்தால், இரண்டுக்கும் இடையே தெரியும் 'மாற்றம்' அட்டவணையுடையதாகவும் இருக்கலாம்.