நிறத்தை மாற்றினால் ரீமிக்ஸா?

குழந்தைகள் நிரலெழுதிப் பழகும் ஸ்கிராட்ச் தளத்தில், அடுத்தவர் படைப்பை எடுத்து, பூனையின் நிறத்தை ஆரஞ்சிலிருந்து நீலமாக்கிவிட்டு, அதற்கு ரீமிக்ஸ் (மறுஆக்கம்) என்று பெயர் வைப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஸ்கிராட்சில் ஒரு குழந்தை ஈர்ப்புவிசை, சுவரில் மோதினால் நிற்பது, சரிவில் ஏறுவது என்று ஒவ்வொரு கட்டளை பிளாக்காக அடுக்கி, ஓடிக் குதிக்கும் விளையாட்டை உருவாக்குகிறது. மறுநாளே நகல்கள் வரிசை கட்டுகின்றன. ஒன்றில் பின்னணி இசை மட்டும் வேறு. இன்னொன்றில் தலைப்போடு ஒரு '2'. மற்றொன்றில் அதுவும் இல்லை. ரீமிக்ஸ் பொத்தானை அழுத்தியதோடு வேலை முடிந்தது!

ரீமிக்ஸ் செய்வதே தவறு என்று யார் சொன்னது? 2007 முதல் அந்தத் தளம் வளர்ந்ததே அதனால்தான். அங்கே பகிர்பவை எல்லாம், மற்றவர்களும் எடுத்து மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ்தான் வருகின்றன. பெயரைச் சொல்லுங்கள், கணிசமாக மாற்றுங்கள் என்பதுதான் தளத்தின் விதி. முந்தைய படைப்பாளியின் பெயரைத் தளமே போட்டுவிடுகிறது. மாற்றுவது ஒன்றுதான் மிச்சம். அதற்குமா சோம்பல்? ஈர்ப்புவிசையின் அளவை வைத்திருக்கும் மாறியில் -1 இருக்கும் இடத்தில் -0.5 போட்டுப் பாருங்கள், நிலாவில் குதிப்பதுபோல் ஆட்டமே மாறிவிடும். பிறகு அதற்கேற்ப மேடைகளை உயர்த்த வேண்டும், எதிரிகளை நகர்த்த வேண்டும். அங்கேதானே சொந்த வேலை தொடங்குகிறது!

ஆனால் குறிப்புப் பெட்டியில் "எல்லாம் நானே செய்தது" என்று எழுத மட்டும் கை நீள்கிறது. அந்தச் சரிவில் ஏறும் பகுதி எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறையாவது உள்ளே திறந்து பார்த்தீர்களா?