ஆம், என் கைப்பேசி செங்கல்தான்

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பில் சாப்பாட்டு மேசையில் தடித்த உறையோடு கிடந்த என் கைப்பேசியைப் படம் பிடித்து, "வண்ணாரப்பேட்டை செங்கல்" என்று எழுதித் தம்பி தன் ஸ்டேட்டஸில் வைத்ததை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். யார் யார் சிரித்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். எனக்குக் கோபமில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பேக் கேஸ் என்கிற உறை, கைப்பேசி கீழே விழப்போகும் ஒரு நாளுக்காக வாங்குவது, விருந்தாளிகள் பார்ப்பதற்காக வாங்குவது அல்ல.

நானும் ஒரு காலத்தில் மெல்லிய, பளபளப்பான கெட்டி பிளாஸ்டிக் உறைதான் போட்டிருந்தேன். ஒரு நாள் காலையில் ராயபுரம் ரயில் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடிக்க ஓடியபோது, சட்டைப்பையிலிருந்து நழுவிய கைப்பேசி மூலை குத்தித் தரையில் விழுந்தது. 1856 முதல் நிற்கிற நிலையம். அதற்கு என் கைப்பேசி ஒரு பொருட்டா? உறையில் ஒரு கீறல்கூட இல்லை, உள்ளே டிஸ்ப்ளே மட்டும் சிலந்தி வலையாகியிருந்தது. பத்து மாதத் தவணையில் நான்காவதைத்தான் அப்போது கட்டியிருந்தேன். டிஸ்ப்ளே மாற்ற 6,800 ரூபாய் கேட்டார்கள். மீதி ஆறு தவணைகளையும் உடைந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கட்டியவனுக்குத்தான் செங்கலின் அருமை தெரியும்.

மூலை குத்தி விழும்போது மொத்த அடியும் ஒரு புள்ளியில் இறங்குகிறது. கெட்டி பிளாஸ்டிக் அந்த அடியை அப்படியே உள்ளே கடத்திவிடும். டிபியூ எனப்படும், ரப்பர்போல வளையும் பிளாஸ்டிக் போன்ற மென்மையான பொருள் அமுங்கிக் கொடுத்து அதைத் தணிக்கும். ஆகவே மூலைகள் தடித்திருக்க வேண்டும், திரையைச் சுற்றியும் கேமராவைச் சுற்றியும் விளிம்பு எழும்பியிருக்க வேண்டும். கடையிலேயே உறையைப் போட்டு, கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்து, அடியில் ஒரு விசிட்டிங் கார்டு தடையின்றி நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாவிட்டால், கடைக்காரர் என்ன சொன்னாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

"திரையிலேயே கொரில்லா கிளாஸ் என்ற கெட்டிக் கண்ணாடி இருக்கும்போது உறை எதற்கு?" என்பார்கள். ஐயா, காசிமேட்டுக் கடற்காற்றில் பறக்கும் மணலில் இருக்கிற குவார்ட்ஸ் என்ற கனிமம், கண்ணாடியைவிடக் கடினமானது, அதைக் கீறிவிடும். "ராணுவத் தரம்" என்று அட்டையில் அச்சடித்த மெல்லிய உறையைக் காட்டுபவர்களும் உண்டு. மில்-எஸ்டிடி-810 என்ற அந்த அமெரிக்க ராணுவச் சோதனை முறையில் 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 26 முறை போடுகிறார்கள். ஆனால் கான்கிரீட்டின் மேல் ஒட்டுப்பலகை விரித்துப் போடுகிறார்கள், அந்த 26 முறையையும் ஐந்து கருவிகள் வரை பங்கிட்டுக்கொள்ளலாம். நம் தெருவில் ஒட்டுப்பலகை விரிப்பது யார்? தடித்த உறை சூட்டை வெளியே விடாது என்பது மட்டும் உண்மை, ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் சார்ஜ் போடும்போது கழற்றிவைக்கிறேன். வாரம் ஒருமுறை உள்ளே சேர்ந்த மணலையும் துடைக்கிறேன். வாங்கிய பொருளின் அழகு தெரிய வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு, ஒளி ஊடுருவும் உறை சில மாதங்களில் எப்படி மஞ்சளாகிவிடும் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

உண்மையைச் சொன்னால், "செங்கல்" என்ற சொல் என்னை அவ்வளவாக உறுத்தவில்லை. அதன் முன்னால் எங்கள் வடசென்னைப் பேட்டையின் பெயர் எதற்கு? இதே தடிமனில் ஓர் உறையை 3,000 ரூபாய்க்கு இணையத்தில் வரவழைத்து வசதியான அண்ணா நகரில் ஒருவர் வைத்திருந்தால் அதற்குப் பெயர் "ரக்கட்", அதாவது முரட்டு உறுதி. நான் பர்மா பஜாரில் பேரம் பேசி 250 ரூபாய்க்கு வாங்கியதால் அது செங்கல். அந்த மேசையில் இருந்தவர்களில் எத்தனை பேர் பேருந்துப் படியில் தொங்கிக்கொண்டு ஒரு கையால் கைப்பேசியைப் பிடித்திருக்கிறீர்கள்? விழுந்தால் மறுநாளே புதிது வாங்கக்கூடியவர்களுக்கு உறை ஓர் அலங்காரம். எங்களுக்கு அப்படி இல்லை என்பதைச் சிரிப்பதற்கு முன் ஒருவராவது நினைத்திருக்கலாம்.

தம்பி, அந்தப் படத்தை நீ இன்னும் நீக்கவில்லை, நீக்கவும் வேண்டாம். ஆனால் அதில் குழல்விளக்கின் மேல் புகைபோல ஒரு கோடு இழுத்திருக்கிறதே, அது மண்டபத்து விளக்கின் குறை அல்ல. உன் மெல்லிய உறையில் விளிம்பில்லாததால் கேமராக் கண்ணாடியில் விழுந்த கீறல் அது.