மூடி மாட்டிய நண்டுக்கு லைக் போடும் முன்

பிளாஸ்டிக் மூடியை முதுகில் மாட்டிக்கொண்டு நடக்கும் துறவி நண்டின் படம் திரும்பவும் சுற்றுக்கு வந்திருக்கிறது. "என்ன சாமர்த்தியம் பாருங்க" என்று கீழே ஒரே பாராட்டு. எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அந்த மூடிக்குள் வயிற்றைத் திணித்துக்கொண்டு அலைவதில் ரசிக்க என்ன இருக்கிறது?

தரையில் வாழும் இந்த நண்டுக்கு முன்பாதியில்தான் கெட்டி ஓடு. வயிறு மெத்தென்று, ஒரு பக்கமாகச் சுருண்டிருக்கும். காலிச் சங்குக்குள் அதை நுழைத்து, வால் நுனியால் உள்ளே இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆபத்து வந்தால் உடம்பை உள்ளே இழுத்து, பெரிய இடது கொடுக்கால் வாசலை அடைத்துவிடும். சங்குக்குள் கொஞ்சம் தண்ணீரும் வைத்திருக்கும். செவுள் காய்ந்தால் மூச்சு நின்றுவிடும். அதற்காகக் கடலில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிறப்பது கடலில்தான், வளர்ந்தபின் தண்ணீரில் மூழ்கிச் செத்துவிடும்!

உடம்பு பெருக்கப் பெருக்கப் பெரிய சங்கு வேண்டும். நத்தை ஏதாவது செத்தால்தான் அது கிடைக்கும். அதனால் நல்ல சங்கு ஒன்று கரை ஒதுங்கினால் கூட்டம் கூடிவிடும். பெரியது முன்னால், அடுத்த அளவு அதன் பின்னால் என்று ஒன்றையொன்று பற்றியபடி வரிசை கட்டும். முதல் நண்டு குடிமாறியதும் மற்றவையும் மளமளவென்று மாறிக்கொள்ளும். கடைசியில் மிஞ்சுவது ஆகச் சின்னச் சங்கு.

இன்னொரு நண்டு செத்த வாடை அடித்தாலும் ஓடிவரும். ஒரு வீடு காலி என்று கணக்கு.

அந்த மோப்பமே இப்போது எமனாகியிருக்கிறது. இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் (கீலிங்) தீவுகளிலும், பசிபிக்கில் மனிதரே குடியில்லாத ஹெண்டர்சன் தீவிலும் ஆய்வாளர் ஜெனிஃபர் லேவர்ஸின் குழு கரைக் குப்பையை ஆராய்ந்தது. வாய் மேல்நோக்கிச் சாய்ந்து கிடக்கும் பாட்டிலுக்குள் ஒரு நண்டு இறங்குகிறது. வழுக்கும் சுவரில் ஏற முடியாமல் உள்ளேயே சாகிறது. அந்த வாடைக்கு இன்னொன்று வருகிறது, அதன் வாடைக்கு மற்றொன்று. ஒரே கலத்தில் 526 நண்டுகள் இருந்தன. இரண்டு இடங்களிலும் சேர்த்து சுமார் 5,70,000 நண்டுகள் சிக்கியிருக்கும் என்பது அவர்கள் மதிப்பீடு.

பாட்டிலைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், சங்கைப் பற்றிப் பேசுவதில்லை. கன்னியாகுமரி, ராமேஸ்வரம் கடைகளில் சங்கு மாலை வாங்காதவர் யார்? கடைக்காரர் பிழைப்பில் கைவைக்கச் சொல்லவில்லை. கரையில் சும்மா கிடக்கும் முழுச் சங்கையாவது பையில் போடாதீர்கள். நம் கடலோரத் துறவி நண்டுகளுக்கும் அதுதான் வீடு. பிள்ளை அடம்பிடித்தால் ஒற்றைச் சிப்பியாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுங்கள். தட்டையான அதற்குள் எந்த நண்டு குடிபோகப் போகிறது?