சாக்கடைச் சாவை யார் விசாரிப்பது?

ஜி.ஹெச். பிணவறை வாசலில் ஒருமுறையாவது நின்றவர்களுக்கு இது தெரியும். போஸ்ட்மார்ட்டம் தொடங்கும் முன்பே ஒரு எஸ்.ஐ. பைக் சீட்டில் அட்டையை வைத்துப் பிரேத விசாரணை அறிக்கை எழுதிக்கொண்டிருப்பார். பஞ்சாயத்தார் என்று சிலரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். சாவுக்கு என்ன காரணம் என்று அந்தப் பஞ்சாயத்தார் கருதுவதாக அதில் ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் படித்துப் பார்க்கும் நிலையில் அங்கே யார் இருப்பார்கள்? சித்தப்பாவோ மச்சானோ காட்டிய இடத்தில் போட்டுவிட்டு, "பாடி எப்ப சார் குடுப்பாங்க?" என்றுதான் கேட்பார்கள்.

விபத்து, தற்கொலை என்றால் இதோடு போகட்டும். அரசாங்கத்தின் கவனக்குறைவாலேயே ஒருவர் செத்திருந்தால்?

2024 ஜூன் 11. புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாளச் சாக்கடையின் விஷவாயு கழிப்பறை வழியாக வீட்டுக்குள் ஏறி மூன்று பேர் இறந்தார்கள். மூவரும் பெண்கள், ஒருத்தி பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. மேன்ஹோலில் இறங்கியவர்கள் இல்லை, சொந்த வீட்டில் கழிப்பறைக்குப் போனவர்கள். சாக்கடையைப் போட்டது அரசு. பராமரிப்பது அரசு. உயிர் போனால் வழக்குப் போடும் போலீசும் அதே அரசு, நிவாரணம் அறிவிப்பதும் அதே அரசு. விசாரிப்பவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அந்தக் குடும்பம் எதை வைத்து நம்பும்?

கவுன்சிலரைப் பிடித்துக் கேட்கலாம் என்றால் புதுச்சேரியில் கவுன்சிலரே கிடையாது. 1968-க்குப் பிறகு 2006-ல் ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது, அவ்வளவுதான். ரெட்டியார்பாளையம் இருக்கும் உழவர்கரை நகராட்சியை அதிகாரிகள்தான் நடத்துகிறார்கள்.

சட்டத்தில் வழியே இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் சந்தேகமாக இறந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை உண்டு. போலீஸ் காவலில் இறந்தால் போலீஸ் விசாரணை மட்டும் போதாது, நீதித்துறை நடுவரும் (மாஜிஸ்திரேட்) விசாரித்தாக வேண்டும். இது 2006 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த இன்றைய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் இது 196-வது பிரிவு. நடுவர் விசாரணையில் முடிந்தவரை உறவினருக்குத் தகவல் சொல்லி, கூட இருக்க அனுமதிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. குடும்பத்தைத் தேடிப்போய்ச் சொல்லச் சொல்கிற சட்டம்!

காவல் சாவுக்கான அந்த விதி எதற்குத் தேவைப்பட்டது என்று கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1993-ல் முதனை கிராமத்து ராசாக்கண்ணு கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். உடலை மாவட்ட எல்லை தாண்டி மீன்சுருட்டிப் பக்கம் போட்டார்கள். அங்கே அது அடையாளம் தெரியாத பிணம், அவ்வளவே. அவர் மனைவி விடாமல் போராடி, ஆட்கொணர்வு மனு உயர்நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் உண்மை வெளியே வந்தது. உயர்நீதிமன்றத் தீர்ப்புக்கு 2006 வரை காத்திருந்தார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். காவல் சாவுக்கு இருக்கும் இந்த விதியைச் சாக்கடைச் சாவுக்கும், மூடாத வாய்க்காலில் விழுந்த பிள்ளையின் சாவுக்கும், அறுந்து தொங்கிய மின்கம்பியால் போன உயிருக்கும் விரிக்க வேண்டும். எந்தத் துறையின் மேல் சந்தேகமோ, அந்தத் துறையின் இன்ஜினியர் தொழில்நுட்ப அறிக்கை தரக்கூடாது. வெளியாள் தரட்டும். ரயில் விபத்தை விசாரிக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். தன் தவறைத் தானே விசாரிக்கக்கூடாது என்று அரசே ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது. தண்டவாளத்துக்கு ஒரு நியாயம், தெருவுக்கு வேறு நியாயமா?

போஸ்ட்மார்ட்டம் அறிக்கையும் விசாரணை அறிக்கையும் ஸ்டேஷனுக்கு அலையாமல் குடும்பத்தின் கைக்கு வர வேண்டும். இப்போது அவர்களிடம் இருப்பது ஒரே ஆயுதம்: பாடியை வாங்க மறுத்து ரோட்டில் உட்காருவது. செத்தவரை ஐஸ் பெட்டியில் போட்டுவிட்டு, பெற்றவர்கள் வெயிலில் மறியல் செய்தால்தான் ஆர்.டி.ஓ. வந்து பேசுவார் என்பது எவ்வளவு பெரிய கொடுமை! சாயங்காலம் "நடவடிக்கை எடுக்கிறோம்" என்ற வாய்வார்த்தையோடு உடலை வாங்கிக்கொண்டு போகிறார்கள். கையில் ஒரு காகிதம்கூட இருக்காது.

குற்றவியல் நடைமுறை, மத்திய அரசும் மாநிலங்களும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாடு சட்டமன்றமும் புதுச்சேரி சட்டமன்றமும் திருத்தம் கொண்டுவந்து குடியரசுத் தலைவர் ஒப்புதலுக்கு அனுப்பலாம். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ரோடு, தண்ணீரோடு சேர்த்து இதையும் கேளுங்கள்.