லூமை விடுங்கள், மூவ்மென்ட் என்னவென்று கேளுங்கள்

நேற்று இங்கே ஒரு தம்பி போட்ட குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் சேர்ந்த கைக்கடிகாரம்) படத்துக்குக் கீழே நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். பொழுது விடிவதற்குள் பதிவையே நீக்கிவிட்டார். அறுபதுகளின் சாயலில் வந்த ஒரு மறுபதிப்பு, முள்ளில் இளமஞ்சள் லூம், அதாவது இருட்டில் ஒளிரும் பூச்சு. அதற்குத்தான் "போலிப் பழமை" என்று அத்தனை பேர் வரிந்துகட்டிக்கொண்டு வந்தார்கள். உள்ளே என்ன மூவ்மென்ட், அதாவது வாட்சை ஓட்டும் இயந்திரம் எது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு வலித்தது அதுதான்.

மறுபதிப்பை எடைபோட வேண்டிய இடம் மூவ்மென்ட். அந்தக் காலத்து குரோனோகிராஃப்கள் பெரும்பாலும் கையால் சாவி கொடுப்பவை, அதனால் ஒல்லியாக இருந்தன. இன்று பலவற்றில் இருப்பது 1974-இல் வந்த வால்ஜூ 7750 வகை; கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக். மூவ்மென்ட்டின் தடிமன் மட்டுமே 7.9 மி.மீ. கேஸும் (வெளிக்கூடு) கண்ணாடியும் சேர்ந்தால் 14 மி.மீ. வரை போய்விடும். டயல் 1963-ஐப் போல இருக்கும், மணிக்கட்டில் சட்டைக் கைக்குள் நுழையாது. இதைப் பேசியிருக்கலாமே?

அடுத்தது மாட்யூல். சாதாரண ஆட்டோமேட்டிக் மூவ்மென்ட்டின் மேல் குரோனோகிராஃப் தட்டைத் தனியாகப் பூட்டுவார்கள். கண்டுபிடிப்பது சுலபம். கேஸைப் பக்கவாட்டில் பாருங்கள்: கிரவுன் (சாவி கொடுக்கும் திருகு) கீழே தாழ்ந்தும் இரண்டு பட்டன்களும் டயல் பக்கம் உயர்ந்தும் இருந்தால் மாட்யூல் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். தேதி இருந்தால் அது கிணற்றுக்குள் கிடப்பதுபோல ஆழத்தில் தெரியும். மாட்யூல் பழுதானால் பிரித்துச் சரிசெய்யாமல் முழுசாக மாற்றுவதே பல இடங்களில் வழக்கம். வாங்குபவருக்குத் தெரிய வேண்டிய விஷயம் இது. லூம் நிறம் அவருக்கே கண்ணுக்குத் தெரிகிறது.

ஒழுங்காகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். ஜெனித் 2019-இல் தன் பழைய ஏ386 மாடலை மீண்டும் கொண்டுவந்தபோது அதே 38 மி.மீ. கேஸில், மணிக்கு 36,000 முறை துடிக்கும் எல் ப்ரிமேரோ மூவ்மென்ட்டையே வைத்தது. பிரெய்ட்லிங் அதே ஆண்டில் 1959-இன் நேவிடைமர் மாடலைத் திரும்பக் கொண்டுவந்தது. கையால் சாவி கொடுக்கும் மூவ்மென்ட், தேதி கிடையாது. இவற்றிலும் லூம் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போவீர்களா?

"இளமஞ்சள் லூம் பொய்தானே?" என்பீர்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். பழைய ட்ரிட்டியம் பூச்சு பல பத்தாண்டுகளில்தான் அப்படிப் பழுத்தது. ஆனால் புதுசில் அது வெறும் நிறம், யாரும் ஒளிக்கவில்லை. நிஜமான ஏமாற்று எது தெரியுமா? பழைய டயலுக்கு மறுபூச்சுப் போட்டு "ஒரிஜினல்" என்று விற்பது. வேகம் கணக்கிடும் டாக்கிமீட்டர் அளவுகோலின் எழுத்து தடித்திருக்கும், சின்ன வட்டங்களின் கோடுகள் மங்கியிருக்கும், பாலிஷ் போட்டுப் போட்டு, பட்டை மாட்டும் லக்குகளின் விளிம்பு மழுங்கியிருக்கும். அந்தப் படங்களுக்கு நீங்கள்தான் இதயம் போடுகிறீர்கள்.

"விலை அநியாயம்." சரி, பல மறுபதிப்புகளுக்கு அது உண்மை.

"அதற்குப் பழசையே வாங்கலாமே?" வாங்கலாம். ஆனால் பழைய குரோனோகிராஃப்களில் இருந்த வால்ஜூ 72 மூவ்மென்ட்டின் தயாரிப்பு எழுபதுகளிலேயே நின்றுவிட்டது. ஒரு சக்கரம் தேய்ந்தால் இன்னொரு மூவ்மென்ட்டைப் பலிகொடுத்துத்தான் எடுக்க வேண்டும். குரோனோ முள்ளை ஓட்டத்தோடு இணைக்கும் கிளட்ச் சக்கரம் பல்லோடு பல் கடிக்கும் ஆழத்தை, மையம் விலகிய சின்ன எக்சென்ட்ரிக் திருகால் சரிசெய்ய வேண்டும். கூடுதலாகக் கடித்தால் வாட்சின் துடிப்பைத் தரும் பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு விழுந்து, குரோனோ ஓடும்போது வாட்சே நின்றுவிடலாம். குறைவாகக் கடித்தால் முள் வழுக்கும். தண்ணீர் பக்கம் போகவே கூடாது. புதிதாக ஆரம்பிப்பவரிடம் இதைத்தான் திணிக்கப் போகிறீர்களா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்தாலும் பரவாயில்லை. நேற்று அதிகம் கத்தியவர்கள், பின்மூடியின் ஸ்டிக்கரைக்கூட உரிக்காமல் பெட்டகத்தில் வைத்திருப்பவர்கள். சும்மா கிடந்தாலும் ஆயில் உலரும், பட்டனின் ரப்பர் கேஸ்கெட் இறுகும். அந்தத் தம்பி கட்டிக்கொண்டு நடந்தார், ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்த்தார், ஆசையாகப் படம் போட்டார். அவரை விரட்டிவிட்டு யாரோடு வாட்ச் பேசப் போகிறீர்கள்?

தம்பி, பதிவைத் திரும்பப் போடுங்கள். பக்கவாட்டுப் படம் ஒன்றும் பின்பக்கப் படம் ஒன்றும் சேர்த்து வையுங்கள். ஸ்டார்ட் அழுத்தியதும் முள் குதிக்கிறதா, மெதுவாகக் கிளம்புகிறதா. ரீசெட் செய்தால் நேராகப் பூஜ்யத்தில் நிற்கிறதா, எழுதுங்கள். தேதி இருந்தால் இரவு 9 மணி முதல் 3 மணி வரை அதைக் கையால் மாற்றாதீர்கள், தேதிச் சக்கரத்தின் பல் போய்விடும்.