ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரம்

தலைக்கு மசாஜ் செய்து அலசிவிடும் ஹெட் ஸ்பா ஒன்றுக்குப் போனேன், சொன்ன நேரத்தைக் கொடுக்கவில்லை. அந்த விஷயத்தை இதோடு விட்டுவிடு என்று சொல்கிறவர்களுக்கு: விடமாட்டேன். ஒரு மணி நேரம் தலை மசாஜ், அப்புறம் தலை அலசல் என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். தலையில் கை பட்டது கால் மணி நேரம்கூட இருக்காது. மீதி நேரம் முழுக்க தலைக்கு மேல் வைத்திருந்த தண்ணீர்க் குழாய் வளையத்திலிருந்து நெற்றியில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, மசாஜ் செய்த பெண் பக்கத்து அறையில் இன்னொருவரைக் கவனிக்கப் போய்விட்டார். ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரம் கை தலையில் இருக்க வேண்டும். இதைக் கேட்பது பேராசையா?

என் கழுத்து, தலை அலசும் பேசினின் விளிம்பில் மடங்கிக் கிடந்தது. ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள் என்றேன், "அசையாதீங்க மேடம்" என்றார். இது வீண் பயம் என்பவர்களுக்காகச் சொல்கிறேன், பார்லர் பேசினில் கழுத்தைப் பின்னால் சாய்த்துத் தலை அலசிய பெண்களுக்குப் பக்கவாதம் வந்ததை 1993-லேயே மைக்கேல் வைன்ட்ராப் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் எழுதியிருக்கிறார். கழுத்துப் பகுதி முதுகெலும்பு வழியாக மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் நசுங்குவதால் வருவது. அபூர்வம்தான், சரி. ஒரு துண்டு வைப்பதில் என்ன குறைந்துவிடும்?

அந்தப் பெண் பாவம், சம்பளம் குறைவு என்கிறார்கள். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு பேரிடம் அவரை ஓடவிட்ட முதலாளியைத்தான் கேட்கிறேன்.

"வீட்டிலேயே எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டியதுதானே?" தேய்த்துவிட யார் இருக்கிறார்கள்? அத்தை இருந்தவரை வெள்ளிக்கிழமை தவறியதில்லை. நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் உச்சியில் வைத்துத் தட்டி, காதுக்குப் பின்னால், பிடரியில் எல்லாம் விரல் விட்டு அழுத்தித் தேய்ப்பார். சீயக்காய் கண்ணில் பட்டு நான் கத்தினால் முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி தேய்ப்பார். ஒருநாளும் பாதியில் எழுந்து போனதில்லை. இப்போது தோள் வலியில் எனக்குக் கை மேலேயே போவதில்லை, அதனால்தான் காசு கொடுத்துப் போகிறேன்.

டெங்குவுக்குப் பிறகு எனக்கு முடி கொட்டுவது உங்களில் பலருக்குத் தெரியும். பெரிய காய்ச்சல் வந்து போனால் இரண்டு மூன்று மாதத்தில் கொட்டும், பெரும்பாலும் தானாக நின்று மறுபடி வளரும். எந்தத் தோல் மருத்துவரும் சொல்வார். அங்கே வகிட்டில் கேமராவை வைத்துத் திரையில் பெரிதாகக் காட்டி, "இப்படியே விட்டா மண்டை தெரிஞ்சிடும் மேடம்" என்று சீரம் பேக்கேஜைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். வேண்டாம் என்றதும் வாசலில் நின்ற இன்னொரு பெண்ணையும் கூப்பிட்டு, இதைப் பார் என்று என் தலையைக் காட்டினார்கள். ஈரத் தலையோடு, எழக்கூட முடியாமல் படுத்திருந்தேன். நாளெல்லாம் அழுகையாக வந்தது.

இலவசமாக இன்னொரு முறை வாங்க என்று மேனேஜர் போன் செய்தார். இலவசம் வேண்டாம், கொடுக்காத நேரத்துக்கான பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரும் பதிந்தாயிற்று.