ஒதுங்க இடமில்லாத வேலை இடத்தில் தண்ணீர் கேன் மட்டும் போதாது

கத்திரி வெயில் வந்துவிட்டால் வீடு கட்டுகிறவர்கள் வேலை இடத்தில் தண்ணீர் கேனை இறக்கிவிட்டு, "நல்லா குடிங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தக் கேனில் இருந்து சித்தாள் பெண்கள் எவ்வளவு குடிக்கிறார்கள் என்று ஒருநாள் நின்று பாருங்கள். தொண்டையை நனைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். பதினோரு மணி டீயைக்கூட வேண்டாம் என்பார்கள். குடித்தால் எங்கே போவது?

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளைப் புதுப்பிக்கிற வேலை நிறைய நடக்கிறது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள். உள்ளே கழிப்பறை உண்டு, ஆனால் பூட்டிக் கிடக்கும். அப்படி ஒரு வீட்டின் பின்வாசலில் ஒரு அக்கா சாந்துச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு, சும்மாட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு கருவேலங்காட்டைப் பார்த்தபடி நின்றார். இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். அவர் திரும்பி வந்து பேசாமல் சட்டியைத் தூக்கிக்கொண்டார். அத்தனை அறை உள்ள வீட்டில் அவருக்கு ஒரு கதவு திறக்கவில்லை என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வெயிலில் கடுமையாக உழைக்கிறவர்கள் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் குடிக்க வேண்டும். மணிக்கு முக்கால் லிட்டருக்குக் குறையாது. வியர்க்கத் தண்ணீர் இல்லாத உடம்பு சூட்டை எப்படி வெளியே தள்ளும்? அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு வேறு. கட்டட வேலைக்கான தொழிலாளர் சட்டம் குடிநீரோடு கழிப்பறையையும் சேர்த்தே கேட்கிறது. ஆனால் அது பத்துப் பேராவது வேலை செய்யும் இடங்களுக்குத்தான். நம் ஊர் வேலைகளில் ஒரு கொத்தனார், ஒரு பெரியாள், இரண்டு மூன்று சித்தாள். அங்கே சட்டம் வராது, வீட்டுக்காரர்தான் செய்ய வேண்டும்.

நேரமும் வீட்டுக்காரர் கையில்தான் இருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் புது வீடு தொடங்கமாட்டோம், கிணறு வெட்டமாட்டோம். ஆனால் தொடங்கிய வேலையை, வைகாசிக்குள் பால் காய்ச்ச வேண்டும் என்று மேஸ்திரியை நெருக்குகிறோம். காலை ஆறு மணிக்குத் தொடங்கி பதினொன்றரைக்கு நிறுத்துங்கள், மிச்சத்தை நாலு மணிக்கு மேல் பார்க்கலாம். கூலியில் கை வைக்காதீர்கள். கான்கிரீட்டைப் பாதியில் நிறுத்த முடியாது, சரி. அன்றைக்கு விடியும் முன்பே தொடங்கி, ஆளை மாற்றி மாற்றி நிழலுக்கு அனுப்ப இரண்டு பேரைக் கூடுதலாகப் போடுங்கள்.

புதிதாக வந்தவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். ஒடிசாவிலிருந்து வந்து இறங்கிய பையனோ, ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பிய கொத்தனாரோ, வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். முதல் நாளிலேயே முழு வேலை வாங்குவது ஆபத்து.

ஒருவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, நாக்குக் குழறினாலோ, தள்ளாடினாலோ அது வெறும் களைப்பு இல்லை. உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். வியர்க்கிறதே, ஒன்றும் ஆகாது என்று விட்டுவிடாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை சும்மா நிற்காமல், நிழலில் கிடத்தி, பூச்சு காயாமல் நனைக்கிற க்யூரிங்குக்கு வைத்திருக்கும் ஹோஸை எடுங்கள். குழாயில் நிற்கும் சுடுதண்ணீரை முதலில் வெளியே விட்டுவிட்டு, தலை முதல் கால் வரை நனைத்து விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

வெப்ப அலையைத் தமிழக அரசு 2024-ல் மாநிலப் பேரிடராக அறிவித்தது, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. அந்தப் பணத்தை யாரும் வாங்கும் நிலை வரக் கூடாது.

சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் வேலையின் போட்டோ கேட்கிற நம் ஆட்களே, இன்றைக்கே மேஸ்திரிக்கு ஒரு போன் போட்டுக் கழிப்பறைச் சாவியைக் கொடுக்கச் சொல்லுங்கள். காலி மனை என்றால், கடைசியில் எப்படியும் கட்டப்போகிற வெளிக் கழிப்பறையை முதலில் கட்டச் சொல்லுங்கள்.